மருத்துவமனை நிர்வாகக் குழு எதைக் கணக்கெடுக்க வேண்டும்? புதிய உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

மதுரை நகரிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களிலும் அறக்கட்டளைகளும் சங்கங்களும் நடத்தும் மருத்துவமனைகள் இருக்கின்றன. அவற்றின் நிர்வாகக் குழுவில் சேர்பவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள் அல்லர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வழக்கறிஞர், ஆடிட்டர், ஜவுளி வியாபாரி, நன்கொடை கொடுத்த குடும்பத்துப் பிள்ளை என்று பலரும் இருப்பார்கள். முதல் கூட்டத்தில் கையில் ஒரு கத்தை அறிக்கை கொடுக்கப்படும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காகவே இந்தப் பக்கம்.

தலைமை மருத்துவர் இருக்கிறார், நர்சிங் சூப்பரின்டென்டன்ட் இருக்கிறார். சிகிச்சையின் தரத்தை அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? குழு வரவு செலவைப் பார்த்தால் போதாதா?

போதாது. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு என்ற ஊரின் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்ததை ஒவ்வொரு நிர்வாகக் குழு உறுப்பினரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மருத்துவமனையை நடத்திய குழு, தன்னாட்சி அந்தஸ்து வாங்குவதற்காக நிதிநிலையைச் சீராக்குவதில் மூழ்கியிருந்தது. செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தார்கள். வார்டுகளில் நோயாளிகள் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாமல் கிடந்தார்கள். குடும்பத்தார் கொடுத்த புகார்கள் குழுவின் மேசைக்கு உருப்படியாக வந்து சேரவில்லை. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. நோயாளிகளின் குரலுக்குக் குழு காது கொடுக்கவில்லை என்பது அதன் முக்கியமான குற்றச்சாட்டு.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தங்கள் முன் வைக்கப்பட்ட தாள்களைப் பார்த்தார்கள். தாளில் இல்லாததைக் கேட்கவில்லை. குழுவின் வேலையில் பெரும்பகுதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது: இந்தக் கணக்கில் வராமல் போனவர்கள் யார்?

நான் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை நடத்துகிறேன். மருத்துவம் தெரியாது. எனக்கு இந்த எண்கள் புரியுமா?

உங்களுக்குத்தான் முதலில் புரியும். தீபாவளிக்கு முந்தைய வாரத்துக் கல்லாவைப் பார்த்து வியாபாரம் அமோகம் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். எவ்வளவு துணி திரும்பி வந்தது, எவ்வளவு கடனில் போனது, போன தீபாவளிக்கு என்ன நிலவரம் என்று கேட்ட பிறகுதான் சொல்வீர்கள். மருத்துவமனை அறிக்கையிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். வந்தவர்கள் எத்தனை பேர், திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், போன ஆண்டு இதே மாதத்தில் எப்படி இருந்தது? நோய்க்கு என்ன மருந்து என்பது மருத்துவரின் பொறுப்பு. நோயாளி என்ன ஆனார் என்று கேட்பதற்கு மருத்துவப் பட்டம் வேண்டாம்.

எந்தெந்த அளவுகளைக் கேட்டு வாங்க வேண்டும்?

அவேடிஸ் டோனபீடியன் என்ற மருத்துவர் 1966-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு பகுப்பு தந்தார்: இருப்பு, செயல், விளைவு. இன்றும் உலகம் முழுவதும் அதுதான் அடிப்படை. இருப்பு என்றால் படுக்கை, கருவி, ஆட்கள். செயல் என்றால் செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்பது, அதாவது அறுவை சிகிச்சைக்கு முன் சரியான நேரத்தில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்களா, கை கழுவினார்களா. விளைவு என்றால் நோயாளி குணமானாரா, தொற்று வந்ததா, இறந்தாரா.

நம் பக்கத்துக் குழுக்களின் அறிக்கைகளில் இருப்பு நிறைய இருக்கும். புதிய ஸ்கேன் கருவி வந்த செய்தி முதல் பக்கத்தில் இருக்கும். செயல் கொஞ்சம் இருக்கும். விளைவு அநேகமாக இருக்காது. ஆகவே விளைவிலிருந்து தொடங்குங்கள். ஐம்பது எண்கள் வேண்டாம். அவ்வளவு கொடுத்தால் எதையும் பார்க்கமாட்டோம். பத்து அல்லது பன்னிரண்டு எண்கள், ஒவ்வொரு கூட்டத்திலும் அதே எண்கள், ஒரே முறையில் கணக்கிடப்பட்டவை, போதும்.

படுக்கைகள் நிரம்பியிருந்தால் மருத்துவமனை நன்றாக நடக்கிறது என்றுதானே பொருள்?

கணக்கு எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் வார்டு சிஸ்டர் தன் வார்டில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணி சென்சஸ் நோட்டில் எழுதுவார். 100 படுக்கை உள்ள மருத்துவமனையில் 30 நாளுக்கு 3,000 படுக்கை நாட்கள். நள்ளிரவுக் கணக்குகளின் கூட்டுத்தொகை 2,550 என்றால் படுக்கை நிரப்பு விகிதம் 85 சதவீதம். அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து 510 பேர் என்றால், ஒருவர் சராசரியாக 5 நாள் தங்கியிருக்கிறார்.

விகிதம் கூடினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். நோயாளிகள் அதிகம் வந்திருக்கலாம். அல்லது வந்தவர்கள் போகமுடியாமல் கிடக்கலாம். புண் ஆறாமல், பரிசோதனை முடிவு வராமல், காப்பீட்டு அனுமதி கிடைக்காமல், ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ் எழுத மருத்துவர் இல்லாமல். இரண்டாவது காரணத்தால் நிரம்பிய படுக்கையில் பெருமைப்பட எதுவும் இல்லை. அதனால் நிரப்பு விகிதத்தையும் தங்கும் நாளையும் சேர்த்தே கேளுங்கள். 100 சதவீதத்தைத் தாண்டினால் யாரோ தரையில் பாயில் படுத்திருக்கிறார் என்று அர்த்தம். போய்ப் பாருங்கள்.

எங்கள் மருத்துவமனையில் இறப்பு விகிதம் மிகவும் குறைவு என்று அறிக்கை சொல்கிறது. நம்பலாமா?

எண்ணை நம்பலாம், முடிவை அவசரப்பட்டு நம்பக்கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் ஊர்களில் உயிர் பிரிவது வீட்டில்தான் நடக்க வேண்டும் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மருத்துவர் இனி நம்பிக்கை இல்லை என்று குறிப்பால் சொன்னதும், "வீட்டுக்குக் கொண்டு போயிடுறோம் டாக்டர்" என்பார்கள். ஆக்சிஜன் சிலிண்டரோடு ஆம்புலன்ஸ் புறப்படும். ரிஜிஸ்டரில் 'ஏ.எம்.ஏ.' என்று மூன்று எழுத்து. மருத்துவர் அறிவுரைக்கு மாறாகச் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் சென்றார்கள் என்று அதற்கு அர்த்தம். அன்றிரவு பேரையூரிலோ கொட்டாம்பட்டியிலோ நடக்கும் இறப்பு எந்த மருத்துவமனைக் கணக்கிலும் வராது.

இன்னொரு வழி, மேல் சிகிச்சைக்கு அனுப்புவது. நிலைமை மோசமானதும் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அனுப்பிய இடத்தில் இறப்பு இல்லை, அரசு ராஜாஜி மருத்துவமனையின் கணக்கில் ஒன்று கூடும். தென்மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் உயிர் ஊசலாடும் நிலையில் வருபவர்களை ஏற்கும் ஒரு மருத்துவமனையின் இறப்பு விகிதம் கூடுதலாகத்தான் இருக்கும். அதை வைத்து அங்கே சிகிச்சை சரியில்லை என்று பேசுவது அநியாயம். வந்தவர்களின் வயது, நோயின் தீவிரம், எந்த நிலையில் வந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு மருத்துவமனைகளின் இறப்பு விகிதத்தை ஒப்பிடவே கூடாது.

ஆகவே குழு கேட்க வேண்டியவை நான்கு: இறந்தவர்கள், ஏ.எம்.ஏ. போனவர்கள், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள், இவற்றில் நோயாளி மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குள் நடந்தவை எத்தனை, பிறகு நடந்தவை எத்தனை. 48 மணி நேரத்துக்குப் பிந்தைய இறப்பைத் தனியாகப் பார்ப்பது பழைய வழக்கம். கையை மீறி வந்தவர்களையும் நம் கையில் இருந்தபோது நிலை மோசமானவர்களையும் பிரித்துப் பார்க்க அது ஓரளவு உதவும். இறப்பு குறைந்து ஏ.எம்.ஏ. கூடினால் எதுவும் முன்னேறவில்லை, கணக்கு இடம் மாறியிருக்கிறது. ஏ.எம்.ஏ.வில் இன்னொரு கூட்டமும் மறைந்திருக்கிறது. பிழைக்கக்கூடியவராக இருந்தும் பணம் இல்லாததால் அழைத்துச் செல்லப்பட்டவர்கள். அறம் செய்ய என்று தொடங்கிய ஒரு மருத்துவமனையில் அப்படி ஒருவர் வெளியேறினாலும் அதைக் குழு, நோயாளியின் பெயர் தெரியாவிட்டாலும், விவரத்தோடு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன மாதம் ஒரு தொற்று, இந்த மாதம் இரண்டு. இரு மடங்காகிவிட்டதே, யாரிடம் விளக்கம் கேட்பது?

யாரிடமும் இப்போதைக்கு வேண்டாம். மாதம் 40 குடலிறக்க அறுவை சிகிச்சை செய்யும் இடத்தில் ஒரு தொற்று என்றால் 2.5 சதவீதம், இரண்டு என்றால் 5 சதவீதம். சிறிய எண்ணிக்கையில் இந்த ஏற்ற இறக்கம் இயல்பு. ஒவ்வொரு தொற்றையும் மருத்துவர்கள் ஆராயட்டும். குழு பார்க்க வேண்டியது போக்கை. மாதங்களை வரிசையாகப் புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்து, நடுவில் இடைநிலை மதிப்புக்கு (எண்களை ஏறுவரிசையில் வைத்தால் சரிநடுவில் வருவது) ஒரு கோடு போடச் சொல்லுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகள் நடுக்கோட்டுக்கு ஒரே பக்கமாக விழுந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கத்தில் உள்ள ஒரு விதி. இரண்டு மாதத்தை மட்டும் பக்கத்தில் வைத்து அம்புக்குறி போடும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

பூஜ்ஜியத்திலும் இதே எச்சரிக்கை தேவை. 100 அறுவை சிகிச்சையில் ஒரு இறப்பும் இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று ஆகாது. புள்ளியியல் கணக்குப்படி உண்மையான விகிதம் 3 சதவீதம் வரைகூட இருக்கலாம்.

பருவத்தையும் மறக்கக்கூடாது. ஜனவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. அந்த நாட்களில் அவசரப் பிரிவின் வேலையே வேறு. வடகிழக்குப் பருவமழையோடு காய்ச்சல் வார்டு நிரம்பும். ஜனவரியைப் போன ஜனவரியோடு ஒப்பிடுவதே நியாயம்.

எங்கள் அறிக்கையில் அறுவை சிகிச்சைப் புண் தொற்று எப்போதும் பூஜ்ஜியம். இது சாத்தியமா?

எப்படி எண்ணினார்கள் என்று கேளுங்கள். இத்தகைய தொற்றை அறுவை சிகிச்சை நடந்து 30 நாள் வரை கணக்கிட வேண்டும், செயற்கை மூட்டு போன்றவை உள்ளே வைத்தால் 90 நாள் வரை. நோயாளி நான்காம் நாள் வீட்டுக்குப் போய்விடுகிறார். பத்தாம் நாள் தையல் போட்ட இடம் சிவந்து சீழ் கட்டினால், பக்கத்துத் தெரு மருத்துவரிடம் காட்டி மாத்திரை வாங்கிக்கொள்வார். உங்களிடம் வரமாட்டார். டிஸ்சார்ஜ் அன்று மூடப்படும் கணக்கில் பூஜ்ஜியம்தான் வரும்.

இதற்கு வழி ஒரு தொலைபேசி, ஒரு செவிலியர், ஒரு நோட்டு. முப்பதாம் நாள் அழைத்து, "காயம் காய்ந்துவிட்டதா அம்மா? ஈரம், நாற்றம், காய்ச்சல் ஏதாவது இருந்ததா? வேறு எங்கேயாவது காட்டினீர்களா?" என்று கேட்க வேண்டும். நோட்டில் கடைசிப் பத்தி ஒன்று அவசியம்: தொடர்பு கிடைக்காதவர்கள். பத்து பேரில் நான்கு பேர் எடுக்கவில்லை என்றால், மீதி ஆறு பேரின் நலத்தை வைத்து மட்டும் பேசக்கூடாது.

ஒவ்வொருவரையும் எண்ணுவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு மதுரையே சான்று. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு இங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. கண்புரை அறுவை சிகிச்சையின் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்தினால் உட்கண் தொற்று குறைகிறதா என்று அவர்கள் தங்கள் பதிவுகளைக் கொண்டே ஆராய்ந்தார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். மருந்து செலுத்தாதவர்களில் 0.07 சதவீதம், செலுத்தியவர்களில் 0.02 சதவீதம். பத்தாயிரம் பேரில் ஏழு இரண்டானது. பத்தாயிரத்தில் ஐந்து கண்கள் என்ற இந்த வித்தியாசம், எந்த அறுவை சிகிச்சை நிபுணரின் அனுபவத்துக்கும் நினைவுக்கும் எட்டாது. விடாமல் எழுதி வைத்த கணக்குக்கு மட்டும் எட்டும்.

மகப்பேறு மருத்துவமனை நடத்துகிறோம். சிசேரியன் விகிதம் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று குழு கட்டளையிடலாமா?

கூடாது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். இது கவலைக்குரிய எண் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேலிருந்து ஒரு வரம்பு வைத்தால், உண்மையில் கத்தி தேவைப்படும் பெண்ணுக்குத் தாமதமாகும். ராப்சன் பகுப்பு என்று ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகளைப் பத்துக் குழுக்களாகப் பிரிக்கும் முறை அது. அதில் முதல் குழுவைப் பாருங்கள்: தலைச்சன் பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, மாதம் நிறைந்தது, வலி தானாக வந்தது. இவர்களிலேயே பாதிப்பேருக்கு சிசேரியன் என்றால் மருத்துவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

நோயாளி கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்றே எழுதுகிறார்கள்.

பில் கட்டும் கவுண்டரில், பார்த்துக்கொண்ட செவிலியர் எதிரே நிற்க, கையில் பேனா கொடுத்தால் வேறென்ன எழுதுவார்கள்? மறுபடி இங்கேதானே வர வேண்டும் என்ற அச்சமும் உண்டு. 30-ஆம் நாள் தொலைபேசியிலேயே இரண்டு கேள்விகளைச் சேர்த்துவிடுங்கள்: "உங்களுக்கு என்ன நோய், வீட்டில் என்ன மருந்து சாப்பிட வேண்டும் என்று புரியும்படி சொன்னார்களா?" "வலிக்கிறது என்று கூப்பிட்டபோது யாராவது வந்தார்களா?" நல்லதா என்று கேட்டால் நல்லது என்பார்கள். நடந்ததா என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள்.

காத்திருப்பு நேரத்தில் சராசரியைக் கேட்காதீர்கள். ஒன்பது பேர் 20 நிமிடமும் ஒருவர் 5 மணி நேரமும் காத்திருந்தால் சராசரி 48 நிமிடம். அங்கே 48 நிமிடம் காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. எழுமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, ஓ.பி. சீட்டு வாங்கி, பரிசோதனை முடிவுக்காக மாலை வரை உட்கார்ந்திருந்த அந்த ஒருவர்தான் முக்கியம். மிக அதிகம் காத்திருந்த பத்தில் ஒரு பங்கினர் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

மருத்துவமனைகளுக்கான தேசியத் தரச் சான்றான என்.ஏ.பி.ஹெச். சான்றிதழ் வாங்கிவிட்டோம். பிறகும் இதெல்லாம் தேவையா?

தேவை. சான்று நல்ல தொடக்கம். முறைகள் இருக்கின்றனவா என்று அது பார்க்கிறது. அவை தினமும் நடக்கின்றனவா என்று பார்ப்பது உங்கள் வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களில் பயன்படுத்திப் பார்த்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே பட்டியல் நம்மூர்க் கோப்புகளில் எப்படி இருக்கிறது என்று ஒரு இருபது கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், வெளியே கொண்டுபோகும் முன் என்று மூன்று வேளையில் போட வேண்டிய டிக்குகள், ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போடப்பட்டிருந்தால் அந்தப் பட்டியல் யாரையும் காப்பாற்றவில்லை.

நல்ல எண் காட்டும் பிரிவுக்கு ஊக்கத்தொகை கொடுக்கலாமா?

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தொற்று குறைந்தால் பணம் என்றால், தொற்று குறைவதற்கு முன் தொற்றை எழுதுவது குறையும். மருந்து மாறிக் கொடுத்தது, நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தது போன்ற சம்பவ அறிக்கைகள் ஓர் ஆண்டில் கூடினால், முதல் வேலையாக யாருக்கும் மெமோ கொடுக்காதீர்கள். செவிலியர்கள் பயமில்லாமல் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். இரவுப் பணியில் தனியாக நின்று, மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று தானே எழுதிய ஒரு இளம் செவிலியரைத் தண்டித்தால், அடுத்த பத்து சம்பவங்கள் உங்கள் காதுக்கு வராது.

இலவச நோயாளிகளுக்கு எவ்வளவு செலவு செய்தோம் என்பது ஆண்டறிக்கையில் வருகிறது. அது போதுமா?

ரூபாய்க் கணக்கு நன்கொடையாளருக்கு. குழுவுக்கு வேண்டியது வேறு. மேலே சொன்ன ஒவ்வொரு எண்ணையும், தொற்று, காத்திருப்பு, மறுபடி சேர்ந்தவர்கள் எல்லாவற்றையும், பணம் கட்டியவர், காப்பீட்டுத் திட்டத்தில் வந்தவர், இலவசமாகப் பார்க்கப்பட்டவர் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். மூன்றிலும் விளைவு ஒன்றாக இருந்தால் அந்த அறக்கட்டளை தன் பெயருக்கு நேர்மையாக இருக்கிறது. இலவச வார்டில் மட்டும் புண் ஆறத் தாமதமாகிறது என்றால், அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு குழு நிம்மதியாக இருக்கக்கூடாது.

கூட்டத்தை எப்படி நடத்துவது?

நிகழ்ச்சி நிரலில் நோயாளி நலனை முதலில் வையுங்கள். கட்டடம், கடன், டெண்டர் எல்லாம் பிறகு. கடைசியில் வைத்தால் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும், "அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம்" என்று முடியும். எண்களுக்கு முன் ஒரு நோயாளியின் கதையை, பெயர் சொல்லாமல், நடந்தபடி வாசிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை நன்றாக முடிந்தது, ஒருமுறை மோசமாக முடிந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் யார், எந்தத் தேதிக்குள் பதில் தருவார் என்று மினிட்ஸில் எழுத வேண்டும். அடுத்த கூட்டம் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். முன்னறிவிப்போடு வார்டுக்குப் போனால் புது விரிப்பைத்தான் பார்ப்பீர்கள். இரவு எட்டு மணிக்கு, பார்வை நேரம் முடிந்த பிறகு, ஒருவர் மட்டும் அனுமதி பெற்றுப் போய் வருவது நல்லது.

நான் அரசு மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்தில் இருக்கிறேன். இது எனக்குப் பொருந்துமா?

பொருந்தும். சொல்லப்போனால் உங்களுக்கு வசதி அதிகம். அரசு மருத்துவமனைகளுக்கென்று உள்ள தேசியத் தர உறுதிச் சான்றுக்கான அளவுகோல்களில் எட்டுப் பிரிவுகள் உண்டு, கடைசிப் பிரிவே விளைவுகள்தான். அந்த எண்கள் மாதந்தோறும் ஏற்கெனவே எடுக்கப்படுகின்றன, கேட்டு வாங்கினால் போதும். தமிழ்நாட்டில் தாய் இறப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆராயப்படுகிறது. எங்கே தாமதம் நேர்ந்தது, வீட்டிலா, வழியிலா, மருத்துவமனையிலா என்று கேட்கும் அந்த முறையை மற்ற இறப்புகளுக்கும் கொண்டுவரச் சங்கம் வலியுறுத்தலாம்.

இந்த எண்களை வெளியே சொல்லலாமா? பெயர் கெட்டுவிடாதா?

சொல்லலாம். நோயாளியை அடையாளம் காட்டாத வரையில் சொல்லத்தான் வேண்டும். மக்கள் பணத்திலும் நம்பிக்கையிலும் நடக்கும் இடம் அது. ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியலுக்கு முந்தைய பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். முதல் ஆண்டில் மூன்று எண்கள் போதும்: 30 நாள் புண் தொற்று, ஏ.எம்.ஏ. போனவர்கள், தொலைபேசியில் தொடர்பு கிடைக்காதவர்கள். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் நான்கு வரியில் அடியில் போடுங்கள். அடுத்த ஆண்டு முறையை மாற்றினால், மாற்றியதையும் சேர்த்து அச்சிடுங்கள்.